பத்துக் கிலோ குண்டு

எழுதி வைத்த எடையை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். இருபது கிலோ கொண்டுபோனால் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துப் பதினாறு என்பார்கள். ஒருநாளும் நான் வாய் திறந்ததில்லை.

ஆறு வருடமாகத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் மலையிலிருந்து வரும்வரை அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையைத் தூக்க முடியாதவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? டாக்டர், "மாத்திரைய மட்டும் நம்பாதீங்க, ஒடம்புல பலம் ஏத்துங்க" என்றார். பயத்தில்தான் ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலிருந்த ஜிம்மில் சேர்ந்தேன்.

பயிற்சி கொடுத்த பெண் என்னைவிடச் சின்னவள். முதல் இரண்டு வாரம் ஒரு வெறும் கம்பைக் கொடுத்துக் குனிந்து நிமிரச் சொன்னாள். தோட்டத்துக்காரி என்ற இளக்காரம்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைத் தந்தாள். பத்துக் கிலோ என்று எழுதியிருந்தது. தூக்கியதும் இடுப்பு சுள்ளென்றது. இது பத்தாக இருக்க வாய்ப்பே இல்லை, இங்கேயும் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை பையில் தொங்கு தராசு கொண்டுபோனேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் குண்டை மாட்டினேன். முள் சரியாகப் பத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் நிற்கிறாள்.

"என்னக்கா, நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என்னைத் தூக்கச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். நெற்றியை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து ஒருத்தி குண்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா தலையால தூக்குறீங்க?"

கொழுந்துச் சாக்கின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறிய பழக்கம். கயிற்றை எப்போதோ கழற்றிவிட்டேன், கழுத்துக்குத்தான் அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"கழுத்த முதுகோட நேரா வைங்க. இடுப்ப பின்னால தள்ளுங்க, கால ஊண்டி எந்திரிங்க. வலிச்சா வெச்சிருங்க, வீம்பு வேணாம்." பிறகு பழையபடி வெறும் கம்பிலிருந்து தொடங்கினோம்.

மூன்று மாதம் கழித்து மடுவத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். இருப்பதிலேயே கனமானவன் கையை நீட்டி அழுதான். ஜிம்மில் அவள் சொன்னபடியே குனிந்து தூக்கினேன். இடுப்பு சும்மா இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தராசில் வைத்தேன். எடை பார்க்க வந்த மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதப் போனார்.

"சரியா பாருங்க மிஸ்" என்றேன். "பன்னெண்டர இருப்பான். தூக்குனவ நான்."