மர்சலின் துடைத்த தேக்குக் கதவு

குடிகாரியா? யாரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறாய், பாஞ்சாலி? மர்சலின் மேல் அடிப்பது சாராய வாசனை இல்லை. மரத்துக்கு அடிக்கிற லாக்கரும் அதில் கலக்கிற தின்னரும். நம்பாவிட்டால் உன் விரலை மோந்து பார். சிவப்பாய்ப் பூசிக்கொண்டு தண்ணி லாரிக்கு வந்து நிற்கிறாயே, அந்த நகப் பாலிஷும் அவள் லாக்கரும் ஒரே சரக்குதான். உன்னை யாராவது குடிகாரி என்றார்களா?

நடந்ததைக் கேள், அப்புறம் பேசு.

அவள் புருஷன் அல்போன்ஸ் மரப் பாலிஷ் வேலைக்காரன். அவன் செத்துப்போன பிறகு அவனுடைய ஸ்ப்ரே கன்னைத் தூக்கிக்கொண்டு இவள் கிளம்பினாள். சாந்தோமே சிரித்தது. ஆறு மாசத்தில் மேஸ்திரி ரகுபதி எங்கே கதவு வேலை எடுத்தாலும் இவளைத்தான் கூப்பிட்டான். லாக்கரின் குணம் அவளுக்கு அத்துப்படி. பஞ்சை ஆசிட்டில் ஊறப்போட்டுச் செய்கிற பொருள் அது. தின்னரில் கரைத்து அடித்தால், தின்னர் காற்றோடு போய்விடும்; கண்ணாடி மாதிரி ஒரு தோல் மட்டும் மரத்தில் நிற்கும். அந்தப் பஞ்சில்தான் துப்பாக்கி மருந்தும் செய்கிறார்களாம். அதனால் நெருப்பைக் கண்டால் பொறுக்காது. ஈரக் காற்றும் ஆகாது.

போன ஐப்பசியில் அடையாற்றில் ஒரு கிரகப்பிரவேசம். வெள்ளிக்கிழமை விடிகாலை முகூர்த்தம். புதன்கிழமை மழை கொட்டுகிறது.

"இன்னைக்கு அடிக்க மாட்டேன் மேஸ்திரி. காத்துல தண்ணி கீது. வெள்ளை பூத்துடும்," என்றாள் மர்சலின்.

"உன் லாக்கரு காயறவரைக்கும் முகூர்த்தம் வாசல்ல குந்திகினு இருக்குமா? நீ போ, நானே அடிக்கிறேன்."

அவனே அடித்தான். மறுநாள் பார்த்தால் தேக்குக் கதவு முழுக்கத் தயிர் பூசின மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மா மணிமொழி கேட்டதும், "அந்தப் பொம்பள குடிச்சிட்டு அடிச்சிடுச்சும்மா," என்று கூசாமல் சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் நம் சந்துவரைக்கும் வந்தது.

மதியம் வெயில் வந்தது. ரகுபதி போன் போட்டான், மர்சலின் போனாள். கதவோரம் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கை அணைக்கச் சொல்றியா? நாளைக்கு விசேஷம்," என்றாள் மணிமொழி.

"அணைக்க வேணாம்மா. மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. நான் சொல்றவரைக்கும் இங்க ஊதுவத்திகூட ஆகாது."

ஜன்னலெல்லாம் திறந்தாள். துணிப்பந்தில் தின்னரைப் பட்டும் படாமலும் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் தழும்பு விழும். அவள் கை நிற்கவில்லை. வெள்ளை கரைந்து தேக்கின் ரேகை எழுந்து வந்தது.

மணிமொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏம்மா, இவ்வளவு நல்ல கைய வெச்சுக்கிட்டு எதுக்குக் குடிக்கிற?"

மர்சலினுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கிட்டே வந்து முணுமுணுத்தான்: "இனிமே குடிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இன்னா கொறைஞ்சிடப் போற? திங்கக்கிழமை கே.கே. நகர்ல எட்டுக் கதவு கீது, எல்லாம் உனக்குத்தான்."

எட்டுக் கதவு என்றால் ரெண்டு மாசம் அடுப்பு எரியும். அவளுக்குத் தெரியாதா?

"அம்மா," என்றாள், அவனை விட்டுவிட்டு. "நேத்து மழையில அடிச்சது இவரு. நான் வேணாம்னு சொன்னேன். குடிச்சதும் இல்ல, அடிச்சதும் இல்ல. கே.கே. நகர் கதவையும் இவரே அடிக்கட்டும்."

ரகுபதி முகம் கறுத்துப்போனது. "பின்பக்கமா போ," என்றான்.

மர்சலின் துணியைத் தண்ணீர் டப்பாவில் அமுக்கி மூடினாள். ஸ்ப்ரே கன்னைத் தோளில் மாட்டினாள். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அதை அகலத் திறந்து, முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.