எனக்குக் குமட்டாத கப்பல்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் படகேறப் போகிறவர்களுக்கு இப்போது உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள். செம்மஞ்சள் நிறம். எத்தனையோ பேரின் வியர்வையும் உப்புத்தண்ணீரும் ஊறி, ஒழுங்காகக் காயாமல் புழுங்கிப்போன மணம். பக்கத்தில் நின்ற பெண் மூக்கைச் சுழித்தாள். நானோ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆசையோடு மூச்சை இழுத்தேன். கப்பலில் எங்கள் கட்டிலுக்கு மேலே தொங்கிய அங்கிக்கும் இதே மணம்தான்.

எந்தக் கப்பல் என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஆட்களை ஏற்றிப்போன பெரிய வெள்ளைக் கப்பல்களை இனிப் படத்தில்தான் பார்க்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு, அப்படியொன்றில் நானும் அவரும் போனோம். அவருக்கு அங்கே கணக்காளர் படிப்பு. நான் நயினாதீவில் பிறந்தவள். நடக்கப் பழகுமுன்பே வள்ளத்தில் இருக்கப் பழகியவள். அவர் யாழ்ப்பாண நகரத்து ஆள், கடலைக் கண்டாலே முகம் வெளிறும். அந்தப் பயத்துக்காகவே எங்கள் கல்யாணத்தைத் தீவில் வைக்காமல் நகரத்தில் வைத்தார்கள்.

ஏறிய மறுநாள் கப்பலில் மணி அடித்தது. ஒரு சிப்பந்தி அறைக்குள் தலையை நீட்டி, அங்கியைப் போடு, மேலே தொங்கும் சின்னப் படகுகளிடம் போ என்று கையால் காட்டினான். இவரிடம் கேட்கலாமென்றால், கடல் ஒத்துக்கொள்ளாமல் குளியலறையில் குனிந்து சத்தியெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய வத்தைப் படகு கரைக்கு வராது, ஆழம் போதாது. தள்ளித்தான் நிற்கும், சின்ன வள்ளத்தில் மாறி ஏறிக் கரைக்குப் போகவேண்டும். ஆகவே ஏதோ ஊர் வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். கூறைச்சேலை, மிளகாய்த்தூள் டின், ஊறுகாய்ப் போத்தல், பனங்கட்டி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். சுற்றிவரக் கடல். வெள்ளைக்காரர் எல்லாரும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஆபத்து வந்தால் தப்புவதற்கு ஒத்திகையாம்.

பின்னால் இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார்.

"மூட்டையோடை எங்க வெளிக்கிட்டனீர்?"

"இறங்கத்தானே கூப்பிட்டவை?"

அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு படுத்தவர் எழும்பவில்லை.

நாங்கள் போனது பருவக்காற்று மாதம், அரபிக்கடல் பேயாட்டம் ஆடும். சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பைகள் வழுக்காதபடி மேசைத்துணியை ஈரமாக்கி விரிப்பார்கள். ஒவ்வொரு நாளும் சாப்பிட வரும் ஆட்கள் குறைந்தார்கள். நான் தனியாக இருந்து, அவித்த உருளைக்கிழங்கை மிளகாய்த்தூளில் தொட்டுச் சாப்பிடுவேன். பிறகு மேல்தட்டில் நடப்பேன். ஊர்ப் படகில் பெண்களைக் கீழே கிடங்குக்குள் இருத்திவிடுவார்கள். காற்றும் கடலும் ஆண்களுக்கு. இங்கே என்னைக் கீழே போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமாக நடந்து தீர்ப்பேன். என் சீவியத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவரிடமும் சொல்லியிருக்கிறேன். "நான் சாகக் கிடந்தன், உமக்குச் சந்தோசம்" என்பார்.

உண்மையில் சாகத்தான் கிடந்தார். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கப்பல் டொக்டரே உதட்டைப் பிதுக்கினார். அன்று கட்டிலடியில் இருந்துகொண்டு எங்கள் தீவின் நயினை அம்மனுக்கு நேர்ந்தேன். "இவரைத் தப்பவை தாயே, உன்ர வாசலுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வாறன்." ஏடனுக்குக் கிட்டக் கடல் அடங்கியது. அவர் எழும்பித் தேத்தண்ணி கேட்டார்.

அம்மன் நான் கேட்டதைச் செய்தாள். சொன்னபடி செய்ய என்னால்தான் முடியவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் குறிகட்டுவான்வரைக்கும் வருவார். படகைக் கண்டதும் "ஏலாது, நீர் போட்டு வாரும்" என்பார். நான் தனியே போய் அம்மனிடம் தவணை கேட்டுவிட்டுத் திரும்புவேன். பிறகு நாட்டில் சண்டை, பிள்ளைகள், முழங்கால் வருத்தம் என்று அதுவும் நின்றுபோனது. இந்த முறை லண்டனில் வைத்து அவராகவே "போவம்" என்றார். இனியொருமுறை இவ்வளவு தூரம் வர எங்களுக்குத் தென்பில்லை.

தண்ணீர் வற்றியிருந்ததால் படகு துறைக்கு நன்றாகக் கீழே கிடந்தது. நான் ஒருகாலத்தில் பார்க்காமலே குதித்த உயரம். கால் மடியவில்லை. துறை விளிம்பில் இருந்துகொண்டு இறங்கப் பார்த்தேன். படகுக்காரர் இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள். வலியில் கத்தியதுதான் மிச்சம்.

"ஏலாட்டி விடுங்கோ அம்மா. விழுந்தியளெண்டா வேற வில்லங்கம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அர்ச்சனைத் தட்டை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீர் இரும். என்னைக் கொண்டாறன் எண்டுதானே நேர்ந்தனீர். நான் போட்டு வாறன்."

"இஞ்சாருங்கோ, சத்தி வருமே."

"வந்தால் வரட்டும்."

அவரை இரண்டு பேரும் சுகமாகத் தூக்கி இறக்கினார்கள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து கிடங்குக்குள் போனார். ஒருமுறைகூடக் கடலைப் பார்க்கவில்லை.

படகு சிறுத்துப்போகும்வரை துறையின் சீமெந்துக் கட்டின்மேல் இருந்தேன். அந்தக் கப்பலை எப்போதோ இரும்புக்கு உடைத்துவிட்டார்களாம். மாறி ஏறுகிற வள்ளங்களும் இல்லை. கம்பியைப் பிடிக்காமல் நடந்த கால்களும் போய்விட்டன. அழவும் அலுப்பாக இருந்தது. காற்று மட்டும் பழைய காற்றுத்தான், அங்கியின் மணத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

துறையில் அங்கி கொடுத்தவர் கிட்ட வந்தார்.

"அம்மா, நீங்கள் போகேல்லைத்தானே? ஜக்கெற்றைத் தாங்கோ. அடுத்த படகுக்கு ஆக்கள் நிக்கினம்."

கழற்றிக் கொடுத்தேன்.