பதினேழாம் வளைவு

பஸ்ஸின் எஞ்சின் அணைகிற சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலை அடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவார். தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். பிறகு கடைசி சீட்டுவரை கேட்கும்படி ஜெபம் செய்வார்: "ஏசப்பா, எழுபது வளைவும் உங்க கையிலீங்க. பிரேக்கு மட்டும் என்ற கால்ல. ஆமென்." அவ்வளவுதான். சந்தையில் மிளகு விற்றுவிட்டுத் திரும்பும் மலைக்காரர்கள் அந்த நேரத்தில் எட்டுக்கை அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அண்ணன் தன் சாமியை யாரிடமும் மறைத்ததில்லை. அவர்கள் சாமியைக் குறைத்துப் பேசியதுமில்லை. யார் வீட்டிலாவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், "ஏசப்பாகிட்ட நான் சொல்றனுங்க, நீங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போயிருங்க" என்பார்.

எனக்குத்தான் கூச்சம் பிடுங்கித் தின்னும். நானும் கிறிஸ்தவள், அது அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. மலைப் பள்ளிக்கு டீச்சராக மாற்றலாகி வந்த புதிது. மதம் மாற்ற வந்தவள் என்று பேச்சுக் கிளம்பினால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். சிலுவைச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிவிடுவேன். எந்தக் கோயில் என்று கேட்டால், "ஊட்டுலயே கும்புட்டுக்குவோங்க" என்று மழுப்புவேன். அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர் ஆமென் சொல்லும்போது என் உதடும் அசைவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை எஞ்சின் நின்றது, துண்டு மடிக்கு வந்தது, குரல் மட்டும் வரவில்லை. கண்ணை மூடித் திறந்துவிட்டு அண்ணன் சாவியைத் தொட்டார். முன் சீட்டில் காலிச் சாக்குகளோடு உட்கார்ந்திருந்த ஒரு மலைக்கார அம்மா விடவில்லை.

"ஏனுங்க டிரைவரு, இன்னிக்குச் சாமிகிட்டச் சொல்லலீங்களா?"

"வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்கம்மா. யாரோ டிப்போவுக்குப் புகார் எழுதிப் போட்டுட்டாங்களாம். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டனுங்க."

"உங்களத்தான சொல்லக் கூடாதுன்னாங்க? அந்தச் சாமியக் கும்புடறவங்க இந்த பஸ்ஸுல வேற ஒருத்தருமில்லீங்களா?"

அண்ணனின் கண்கள் கண்ணாடியில் ஒரு நொடி என் மேல் பட்டு, உடனே சாலைக்குத் திரும்பிவிட்டன. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. அவருக்கு வேலையிடத்தில் ஓலை வந்துவிட்டது. எனக்கு எதுவுமே நடக்கவில்லை, ஆனாலும் சங்கிலியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நின்று, "ஏசப்பா, பதினேழு வளைவும் உங்க கையில. ஆமென்" என்று உளறிவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், மிச்சம் அம்பத்தி மூணுக்கு நாங்க எங்கீங்க போறது?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பதினேழு என்று எழுதிய பலகை வந்ததும் அண்ணன் வேகத்தைக் குறைத்து, "டீச்சரம்மா, உங்க ஜெபம் இதோட தீந்துபோச்சுங்க" என்றார். மிச்சத்துக்கும் சேர்த்து உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபித்தேன். மறுநாள் சங்கிலி வெளியே கிடந்தது. ஒரு பிள்ளையும் பள்ளியிலிருந்து நிற்கவில்லை. சாக்குக்கார அம்மா தன் சினை மாட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து அடிவாரத்தில் அண்ணன் மனதுக்குள், பதினேழில் நான் வாய்விட்டு என்று ஆகிவிட்டது.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதைய ஓட்டுநர் இளவட்டம். அடிவாரத்தில் எஞ்சினை நிறுத்துவதில்லை, பாட்டைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார். ஆனால் பதினேழாம் வளைவில் மட்டும் பாட்டை அணைத்து, வண்டியை மெதுவாக்குகிறார். ஏன் தம்பி என்று போன வாரம் கேட்டேன்.

"பழைய டிரைவரண்ணன் வண்டியக் குடுக்கறப்பவே சொன்னாருங்க. இந்த வளைவுல டீச்சருக்கு ஒரு வேலை இருக்குது, அவசரப்படாதன்னு."

எஞ்சின் சத்தம் தணிந்தது. பஸ் காத்திருந்தது. நான் வாய் திறந்தேன்.