மூங்கில் ஆணி

சக்கரத்தின் கடைசி மரையைச் சுத்தியலால் தட்டுகிறாள் நகுமோ ஃபுசாயே. காதைச் சாய்த்து அதன் ஓசையைக் கேட்கிறாள். பிறகு வலது கையை நேராக நீட்டி, விரலால் சுட்டி, "பின் வலது, சரி!" என்று உரக்கச் சொல்கிறாள். காலை ஐந்தரை மணிக்குப் பணிமனையில் அதைக் கேட்க ஒரு காக்கை கூட இருக்காது. இருந்தாலும் சொல்வாள். ஜப்பானின் முராயாமா ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறவள், ஒருநாள்கூட சொல்லாமல் வண்டியை எடுத்ததில்லை.

"யார்கிட்டக்கா சொல்றீங்க?" என்று ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்ட ஒரு புது மெக்கானிக் சிரித்தான்.

"மரைகிட்டதான். நான் பாத்துட்டேன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

ஐம்பத்து நாலு வயது. குள்ளம், அகன்ற தோள், குட்டையாக வெட்டிய முடி. மதியத்துக்கு எப்போதும் இரண்டு சோற்று உருண்டை, உள்ளே உப்பில் ஊறிய பிளம் பழம். பயணிகள் பேசினால் பதில் சொல்ல மாட்டாள்; கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்ற பிறகு திரும்பி, கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்வாள். அதற்குள் கேட்டவர் இறங்கிப் போயிருப்பார்.

செவ்வாயும் ஞாயிறும் அவள் வாள் பழகுகிறாள். முழங்காலிட்டு உட்காருவாள். எதிரே இல்லாத ஒருவனைப் பார்ப்பாள். உருவுவாள், ஒரே வெட்டு, அலகில் இல்லாத ரத்தத்தை உதறுவாள், கண்ணால் பார்க்காமலே உறையில் செருகுவாள். அவ்வளவுதான். முப்பத்தோரு வருடமாக இதைத்தான் செய்கிறாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கால் மணி நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விடுவார்கள். "ஒரு தடவை உருவி ஒரு தடவை வைக்கறதுக்கு முப்பத்தோரு வருஷமா?" என்று தங்கை புருஷன் கேட்டதற்கு, "உருவறது யாரு வேணா உருவலாம். வைக்கறதுதான் வரமாட்டேங்குது," என்றாள்.

உருவுவதற்கு முன்னால் கட்டைவிரலால் கைப்பிடியில் ஓரிடத்தை அழுத்திப் பார்ப்பாள். அங்கேதான் ஆணி இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மூங்கில் துண்டு. அலகையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். அது முறிந்தால் அலகு பறக்கும். அதனால் பழைய வீட்டுக் கூரையில் அடுப்புப் புகை குடித்துக் கறுத்த மூங்கிலைத் தேடி வாங்கி, அந்தந்த வாளின் துளைக்கென்று சீவிக்கொள்வார்கள். கூடுதலாக ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும்.

இந்த இலையுதிர்கால விழாவில் தனியாக மேடையேறும் முறை முதல்முறையாக அவளுக்கு வந்தது. கடைசிமுறையும் அதுதான். டிசம்பரில் இரண்டு முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மண்டியிடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மண்டியிட்டுச் செய்யும் முதல் பாடத்தை மட்டும், நாலு பேர் பார்க்க, ஒருதரம் சுத்தமாகச் செய்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கடைத்தெருச் சங்கம் அவளுக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடத்தை நாலு நிமிடமாக வெட்டிவிட்டது. காரணம், செண்டாய் நகரத்திலிருந்து வந்த ஒரு வாள் விளையாட்டுக் குழு. செக்கச்சிவந்த முடி வைத்த ஒதாகிரி என்பவன் அதற்குத் தலைவன். புகை, மின்விளக்கு, முரசு, அந்தரத்தில் குட்டிக்கரணம். சுவரொட்டியில் 'நானூறு ஆண்டு சாமுராய்க் கலை' என்று போட்டிருந்தது. நானூறு ஆண்டாம்! அந்தக் குழு தொடங்கி நாலு ஆண்டு ஆகவில்லை.

ஃபுசாயே அவர்களுடைய ஒத்திகையைப் பார்த்தாள். "குட்டிக்கரணம் நல்லாத்தான் போடறான், இல்லேங்கல," என்றாள். "சர்க்கஸ்னு போட்டா நானே சீட்டு வாங்கிட்டு வந்து கைதட்டுவேன். ஆனா இன்னும் ஒருத்தனையும் வெட்டல, அதுக்குள்ள ரத்தத்தை உதறறான் பாருங்க! யார் ரத்தம் அது?"

அதுவரை வெறும் எரிச்சல்தான். விழாவன்று மேடைக்குப் பின்னால்தான் அது கோபமாக மாறியது.

சுழற்றுவதற்கெல்லாம் அவர்கள் அலுமினிய வாள் வைத்திருந்தார்கள். முடிவில் ஈரப் பாய்ச் சுருள்களை வெட்டி, வாளை மேலே எறிந்து பிடிப்பதற்கு மட்டும் நிஜ வாள். அந்த நிஜ வாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பாதி குடித்த சேப்பங்கிழங்குக் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் கைப்பிடித் துளையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

அடுத்தவர் வாளைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டாள்.

"தாராளமா பாருங்கக்கா, போட்டோ வேணும்னாலும் எடுத்துக்குங்க," என்றான் ஒதாகிரி.

இரு கையாலும் எடுத்து, தலைவணங்கி, மெல்ல ஆட்டினாள். உள்ளே லொடலொடவென்றது. விரலால் தள்ளியதும் ஆணி வழுக்கி வந்து உள்ளங்கையில் விழுந்தது. நடுவில் விரிசல் விட்ட, சாப்பிடும் குச்சியின் ஒடிந்த துண்டு.

"இது என்ன?"

"அதுவா? பழசு எங்கியோ விழுந்துடுச்சு. நேத்து நூடுல்ஸோட வந்த குச்சி. கச்சிதமா உக்காந்துச்சுக்கா!"

ஃபுசாயே மேடையின் முன்புறத்தை எட்டிப் பார்த்தாள். நீலத் தார்ப்பாய் விரித்து, முதல் வரிசையில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்கும் அவர்களுக்கும் நடுவே நாலு எட்டுக்கூட இல்லை.

"இது மேடைக்கு ஏறாது," என்றாள்.

சங்கத் தலைவர் நிபே ஓடி வந்தார். ஊறுகாய்க் கடைக்காரர், யாரோடும் சண்டை ஆகாது அவருக்கு. "நகுமோ அக்கா, இன்னிக்கு ஒருநாள் கண்டுக்காதீங்க. சனம் வந்து நிக்குது. ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சுன்னா? அலகு பறந்து போய் ஒரு புள்ள மேல விழுந்தா? அப்பவும் கண்டுக்காம இருக்கலாமா?"

"பொறாமைக்கா உங்களுக்கு," என்றான் ஒதாகிரி. "உங்களுக்குக் கூட்டம் வரலேன்னா நாங்க என்ன பண்றது? வாளைக் கொடுங்க. அந்தக் குச்சி பிடிக்கலேன்னா வேற குச்சி போட்டுக்கறேன். குழம்புக் கடையில கட்டுக் கட்டா இருக்கு."

சொன்னபடியே ஒருவன் குழம்புக் கடைக்கு ஓடிவிட்டான். நிபே அவள் கையிலிருந்த வாளைப் பணிவாக, ஆனால் விடாமல் பிடித்து இழுத்தார்; அவள் கொடுக்கவில்லை. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல ஒலிவாங்கியும் அவரிடம்தான் இருந்தது. முரசு ஆரம்பித்துவிட்டது. இந்த மடையர்களை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது ஃபுசாயேவுக்கு. பையைத் துழாவினாள். கூடுதல் ஆணியைக் காலையில்தான் உடன் வாள் பழகும் ஒருத்திக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தன் வாளை உறையோடு மடியில் கிடத்தி, அதன் ஆணியைத் தட்டி வெளியே எடுத்தாள். கறுத்துப் பளபளத்த மூங்கில். சிறு கத்தியால் அதன் ஒரு பக்கத்தைச் சீவினாள். ஒதாகிரி வாளின் துளையில் வைத்துப் பார்த்தாள், மறுபடி சீவினாள். இனி அது அவளுடைய வாளில் நிற்காது. ஒதாகிரியின் வாளில் இறுக்கமாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள்; சத்தமில்லை.

"அட, தேங்க்ஸ்க்கா!"

"வாயை மூடு. உனக்கா கொடுத்தேன்?"

நிபே சங்கடத்தோடு கேட்டார்: "அப்போ உங்க முறைக்கு? வேற யார் வாளாவது வாங்கி..."

"அடுத்தவங்க வாள்ல எனக்கென்ன வேலை? என் பேரை அடிச்சிடுங்க."

முன்புறம் போய்க் குழந்தைகளுக்கும் மேடைக்கும் நடுவே நின்றாள். "பின்னால நகருங்க! பின்னால நிறைய இடமிருக்கு! இன்னும் நகருங்க!" என்றாள். பேருந்தில் தினமும் கேட்கும் குரல். குழந்தைகளும் அம்மாக்களும் தார்ப்பாயோடு பத்து எட்டு பின்னால் போனார்கள். அவள் மட்டும் நகரவில்லை.

"பஸ் அத்தை, மறைக்காதீங்க!" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

மேடையில் பாய்ச் சுருள்கள் விழுந்தன. ஒதாகிரி ரத்தத்தை உதறினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. நிஜ வாள் சுழன்றுகொண்டே மேலே போனது. எல்லோரும் அண்ணாந்து அலகின் மினுக்கத்தைப் பார்த்தார்கள். ஃபுசாயேவின் இடது கட்டைவிரல் இடுப்பிலிருந்த தன் வாளின் வெறும் துளைமேல் அழுந்தியிருந்தது. வாள் இறங்கி அவன் கையில் முழுசாக வந்து சேர்ந்தபோது, அவள் வலது கையை நேராக நீட்டி, அந்தக் கைப்பிடியைச் சுட்டி, முரசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காவிட்டாலும் உரக்கச் சொன்னாள்:

"ஆணி, சரி!"