ஏணிச் சட்டை

என் அலுமாரியில் ஒரு பச்சைச் சட்டை தொங்குகிறது. துணி முழுக்க மஞ்சள் ஏணிகள். கானாவில் பெரிய கட்சியொன்றிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த ஒரு சின்னக் கட்சியின் சின்னம் அது. அங்கே தேர்தல் வந்தால் கட்சித் துணி அச்சடித்துச் சட்டை தைத்துப் போடுவார்களாம். இதைப் போட்டவர் அக்கட்சியின் லண்டன் கிளைத் தலைவர். வெம்பிளியில் நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கினோம். வேலையிடத்திலும் எல்லோருக்கும் அவர் சேர்மன்தான். தமிழ்க் கடையில் பொறுக்கிய ஒரே சொல்லால் என்னைத் தம்பி என்பார்.

ஞாயிறுகளில் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் கூட்டம். கதிரை போட நான் போவேன். "ஆரின்ரையோ நாட்டுக் கட்சிக்கு நீங்கள் ஏன் அலையிறியள்?" என்று மனைவி சிரிப்பாள். எனக்கென்னவோ அது அந்நியமாகத் தெரியவில்லை. கோயிலையும் பழைய மாணவர் சங்கத்தையும் உடைத்து உடைத்துத் தலைவர் வைத்த தமிழ் ஆட்கள்தானே நாங்கள். ஆனால் நாங்கள் கத்துவோம், சேர்மன் கத்தமாட்டார். ஒருவர் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேநீர் குடிக்க எழும்புவதற்கும் அதுதான் விதி. ஷிப்ட், பிள்ளைகள் என்று ஆட்கள் குறைந்தபோதும் கதிரைகளைக் குறைக்க அவர் விடவில்லை.

பிறகு, கானாவில் கட்சித் தலைவரே அமைச்சர் பதவிக்கு ஆசைப்பட்டுப் பழைய கட்சிக்குத் திரும்பினார். லண்டன் கிளை தனியாகத் தொடர்வதா என்று முடிவெடுக்கச் சேர்மன் கூட்டம் வைத்தார். ஏணிச் சட்டையை இஸ்திரி பண்ணிப் போட்டு வந்திருந்தார். வந்தது நான் மட்டும். நெடுநேரம் கதவைப் பார்த்திருந்துவிட்டு எழுந்து நின்றார். கிளை தொடர வேண்டும் என்று பிரேரித்து, யார் வழிமொழிகிறீர்கள் என்று வெறுங்கதிரைகளைக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"தம்பி, நீர் உறுப்பினர் இல்லை."

"இப்பவே சேருங்கோ, சேர்மன்."

"சேர்க்கிறதுக்கும் ஒரு ஆள் வழிமொழிய வேணும்."

பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பிரேரணை தோற்றதாக அறிவித்துக் கூட்டத்தை முடித்தார். இருவருமாகக் கதிரைகளை மடக்கினோம். அடுத்த ஷிப்டில் சட்டையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து, இனி அதைப் போடத் தனக்கு உரிமையில்லை என்று என்னிடம் தந்தார்.

சேர்மன் ஊருக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். என் மனைவியும் போய்விட்டாள். மகன் மோர்டனில், வாறன் வாறன் என்று போனில் சொல்வான். போன ஞாயிறு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் பெரிது. சாப்பாட்டு மேசைக் கதிரைகளைப் பார்த்துக் கையைத் தூக்கி, "வழிமொழியிறன், சேர்மன்," என்றேன்.

நீர் உறுப்பினர் இல்லை என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.