எழுநூறு கிராம் கூடுதல்: செம்பூரில் போன ஆட்டம் தாராவியில் கிடைத்தது

போன நவம்பரில் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து மும்பை போய் வந்தேன். ஆபீசில் கேட்டவர்களிடம் சொந்த வேலை என்றேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடலாம். ஐந்து வருடமாக பிரேசிலிய ஜியு-ஜிட்சு கற்கிறேன். அடி உதை இல்லாத மல்யுத்தம் அது. எதிராளியைத் தரையில் மடக்கி, கையையோ கழுத்தையோ பூட்டி, போதும் என்று அவர் தட்டும் வரை விடக் கூடாது. தட்டிவிட்டால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு வயது, நீல பெல்ட், வீட்டு ஹாலில் இரண்டு தங்க மெடல்கள்.

அந்த மெடல்களில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு போட்டிகளிலும் என் பெல்ட்டில், என் எடையில் வேறு பெண்ணே பெயர் கொடுக்கவில்லை. நடுவர் என்னை மட்டும் மேட் என்கிற ஆட்ட விரிப்புக்குக் கூப்பிட்டு, கையைத் தூக்கிக் காட்டி, தங்கம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேரை ஜெயித்தாய் என்று கேட்டால் காபி போடப் போய்விடுவேன். மும்பை செம்பூரில் நடக்கும் போட்டியின் பட்டியலில் 64 கிலோ பிரிவில் என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரைப் பார்த்ததும் டிக்கெட் போட்டதற்கு இதுதான் காரணம். ரஹ்மத், தாராவி. ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் எதிராளி.

வியாழக்கிழமை காலை 8.50க்குக் கோவையில் ஏறினேன். சுமார் 1,500 கிலோமீட்டர், முப்பத்துமூன்று மணி நேரம், மூன்றடுக்கு ஏசியில் 1,845 ரூபாய். வெள்ளி மாலை ஆறு மணி வாக்கில் குர்லா லோக்மான்ய திலக் முனையத்தில் இறங்கி, செம்பூரில் பிடித்து வைத்திருந்த அறைக்கு ஆட்டோவில் போனேன். மூன்று கிலோமீட்டர், மீட்டரில் 55 ரூபாய். மீட்டர்படியே வாங்கினார் என்பதைக் கோவைக்காரியாக நான் கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு செம்பூரில் ஒரு பயிற்சிக்கூடத்தில் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து பயிற்சி செய்யலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு 700 ரூபாய். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேட் மீது பதினோரு பெண்கள். எங்கள் ஊர்க் கூடத்தில் என்னையும் சேர்த்து இரண்டே பேர்தான், அதில் இன்னொருத்தி பரீட்சை வந்தால் காணாமல் போய்விடுவாள். பதினோரு பேரும் உருண்டு புரண்டுகொண்டிருந்ததை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. ஷூவைக் கழற்றுங்கள் என்று யாரோ இரண்டாம் முறையாகச் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

மதியம் செம்பூரிலிருந்து குர்லா போய், ரயில் மாறி மாட்டுங்கா போனேன். டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடைகளைத் தாண்டி ஒரு மருந்துக்கடையில் எடை பார்த்தேன். 62.4. அறுபத்துநாலு வரை போகலாம், ஒன்றரை கிலோவுக்கு இடம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. பக்கத்து ஹோட்டலில் நான்கு இட்லி, ஒரு ரச வடை, ஒரு நெய் ரவா தோசை, காபி. 285 ரூபாய். பரிமாறியவர் போதுமா என்று மூன்று முறை கேட்டார். நான் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் டீ-ஷர்ட்டில் தராசு ஏறப் போனேன். அங்கே இருந்த பெண் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நாங்கள் போடும் தடித்த பருத்திச் சட்டை, பேன்ட், பெல்ட் எல்லாம் சேர்த்துத்தான் எடையாம். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை. நான் முன்பு போன இரண்டு போட்டிகளிலும் முந்தின நாளே சாதாரண உடையில் எடை பார்த்தார்கள், அதனால் விதிமுறைத் தாளை நான் படிக்கவே இல்லை. என் உடுப்பு திருப்பூரில் தைக்கச் சொன்னது, எவ்வளவு இழுத்தாலும் கிழியாது என்று பெருமையடித்துக்கொள்வேன். கிழியாததற்குக் காரணம் அதன் எடை இரண்டு கிலோ.

தராசு 64.7 காட்டியது. எழுநூறு கிராம் கூடுதல். என் பெயரை அடித்துவிட்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது, வாதாட எதுவும் இல்லை.

சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். ரஹ்மத் என்று கூப்பிட்டார்கள். மெலிந்த, உயரமான பெண், முப்பத்துநாலு வயது இருக்கும். தலையில் இறுக்கமான கறுப்புத் துணி, சட்டைக்குள்ளே முழுக்கை பனியன். மேட் மீது வந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நடுவர் அவர் கையைத் தூக்கினார். இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் எப்படி இருந்திருப்பேன் என்று அன்றைக்குத்தான் வெளியிலிருந்து பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை நினைத்து வந்ததா அவரை நினைத்து வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் மெடலை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். தமிழா என்று கேட்டார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி. மறைக்காமல் சொன்னேன்.

"அக்கா, என் எடையில ஒரு ஆள் கெடச்சி ரெண்டு வருசம் ஆச்சு. நீங்க நெய் ரவா தின்னுட்டு வந்து நிக்கிய" என்றார். சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தார். திங்கள் ராத்திரி வண்டி என்றேன்.

"அப்போ காலைல ஏழரைக்கு தாராவிக்கு வாங்க. பத்து மணிக்குத்தான் எங்க பட்டறைல வேலை ஆரம்பிக்கும். அங்கன தராசு கெடையாது."

திங்கள் காலை செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்தேன். தாராவியில் தொண்ணூறு அடி ரோடு என்றதும் டிரைவர் தோல் பை வாங்கவா என்று இந்தியில் கேட்டார். சண்டை போட என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சயான் வரும் வரை கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு கிலோமீட்டர், 118 ரூபாய்.

ரஹ்மத் தெருமுனையில் நின்றிருந்தார். அவர்கள் குடும்பம் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறது, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கீழே வெட்டும் மேஜைகள், பசை வாசனை. பதினோரு படி இரும்பு ஏணியில் ஏறினால் மாடி. தையல் மெஷின்களைச் சுவரோடு தள்ளி, நடுவில் பன்னிரண்டடிக்குப் பத்தடி நீல மேட் விரித்திருந்தார்கள். ஒரு மெஷின் மேல் நேற்றைய மெடல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. நடுவர் அவருடைய மதினி. பைகளுக்கு ஜிப் தைப்பவர், விதி எதுவும் தெரியாது. யாராவது தட்டினால் சத்தம் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள். போனில் ஆறு நிமிடம் வைத்தார்.

முதல் பத்து விநாடியிலேயே ரஹ்மத் கீழே உட்கார்ந்து, என்னையும் இழுத்துப் போட்டு, இரண்டு கால்களாலும் என் இடுப்பைப் பூட்டிக்கொண்டார். இந்தக் கலையில் கீழே கிடப்பவர் தோற்பவர் இல்லை. அவருடைய வலது கை என் சட்டைக் காலரின் உட்புறம் போய்ப் பிடித்தது. அதைப் பிரிக்கத்தான் அடுத்த இரண்டு நிமிடமும் செலவானது. நான் தப்பிக்கலாம் என்று நினைத்த பக்கமெல்லாம் அவர் முழங்கால் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது நிமிடம் எப்படியோ எழுந்து, கால் பூட்டைத் திறந்து, அவர் கால்களைப் பக்கவாட்டில் பாதி தாண்டிவிட்டேன். "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பாராட்டுதான். அந்த ஒரு எழுத்துக்காக இன்னொரு முறை முப்பத்துமூன்று மணி நேரம் உட்கார்ந்து போவேன்.

அடுத்து என்ன செய்தார் என்று தெரியாது. கூரை சுழன்றது, நான் மல்லாந்து கிடந்தேன், அவர் என் மேல் இருந்தார். காலரைப் பிடித்த கை அப்போதும் அதே இடத்தில். இன்னொரு கை எதிர்ப்பக்கக் காலருக்கு வந்தது. முழங்கைகளை அமைதியாக இறக்கினார். கொஞ்சமும் அவசரமில்லை. கோபமில்லை. இவ்வளவு சுத்தமாக ஒருத்தர் ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை, அது என் கழுத்தில் நடந்தாலும். இரண்டு முறை தட்டினேன்.

"அவிய தட்டிட்டாவ" என்றார் மதினி. நாலு நிமிடம் பத்து விநாடி.

கைகள் அப்படியே விலகின. மூச்சு வந்ததும், தோல் வேலையால் வந்த பிடியா என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ. நான் போன்ல ஆர்டர் எடுக்கவ, அக்கா. இந்த ஒத்தப் பிடிய அஞ்சு வருசமா போடுதேன், அவ்வளவுதான்."

நான் இந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ விதமான பூட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்றும் இப்படிக் கைக்கு வரவில்லை. ரஹ்மத் எழுந்து போய் மெடலை எடுத்தார். பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்தார். வியர்வையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, மதினியிடம் போனைக் கொடுத்து, என் தோளில் கை போட்டு நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செம்பூரில் தங்கினால் வசதி, என் அறை நாளுக்கு 1,600 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பாதையில் பராமரிப்பு நடக்கும், செம்பூர் வழியாகப் போகும் ஹார்பர் லைன் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சயானுக்குத் தெற்கே ஆட்டோ வராது, மாட்டுங்காவில் டாக்சிதான். விதிமுறைத் தாளைப் படியுங்கள். உடுப்போடு எடை பாருங்கள். நெய் ரவாவை ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள், நானும் ரஹ்மத்தும் அன்றைக்கு அதைத்தான் செய்தோம்.

ஊருக்கு வந்ததும் ஹாலில் தொங்கிய இரண்டு மெடல்களையும் இறக்கி அலமாரிக்குள் வைத்தேன். அந்த இடத்தில் மதினி எடுத்த போட்டோ இருக்கிறது. கழுத்து சிவந்து, தலை கலைந்து நிற்கிறேன். போன வாரம் வந்த சித்தி யார் ஜெயித்தது என்று கேட்டார். நான் காபி போடப் போகவில்லை. உட்கார்ந்து, முதலிலிருந்து, நான் எப்படித் தோற்றேன் என்று சொன்னேன்.