அம்பயர் ஸ்தனிஸ்லாசின் போன்

விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகள் இருக்கிற பக்கம் போய் ஸ்தனிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று தெரியாது. அம்பயர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து வழி காட்டுவார். ஐம்பத்தேழு வயது ஆளுக்கு ஊர் வைத்த பெயர் அது. வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு சாதாரண அச்சுத் தொழிலாளி. பீங்கான் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகும் வரை காத்திருந்து, பிரித்தெடுத்து, விளிம்பைச் சீவி வைக்கிற வேலை. பத்தொன்பது வயதில் தொடங்கியது. சூளையிலிருந்து வந்த சாமானை விரலால் ஒரு சுண்டு சுண்டி, கீறல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஏழாவது நாள், முதல் பூசை முடிந்த கையோடு, மாதா கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் உயரமான மர நாற்காலியில் விசிலோடு ஏறி உட்கார்ந்துவிடுவார். அங்கே நடப்பது பூப்பந்தாட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், கையில் மட்டை, நடுவில் வலை, எலுமிச்சம்பழம் போல ஒரு மஞ்சள் கம்பளிப் பந்து. பார்க்கிறவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் மாதிரி இருக்கும். ஆடுகிறவர்களுக்கு மானப் பிரச்சினை. பந்து சட்டையில் உரசிவிட்டுப் போனதா இல்லையா என்று அடிதடி வரைக்கும் போயிருக்கிறார்கள். ஸ்தனிஸ்லாஸ் நாற்காலி ஏறிய பிறகு அந்தத் தகராறு நின்றது. உரசியது என்றால் உரசியதுதான். அவர் காதில் விழுந்திருக்கும்.

போன் விஷயத்துக்கு வருவோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வரிசையில் ஆடிய அர்ச்சுனனின் கால்சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் மட்டையை வீசியபடியே குனிந்து பார்த்தான். வீசிய மட்டை பக்கத்தில் ஓடி வந்த கோவிந்தராசுவின் வாயில் போய் இறங்கியது. முன்பல் இரண்டு போயிற்று. அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்தவர் யூனிட் முதலாளி மாணிக்கவேல். சென்னைக்குப் போனால் கோல்ஃப் ஆடுகிற மனிதர் அவர்.

"கோல்ஃப் கோர்ஸ்ல ஒருத்தர் அடிக்க நிக்கிறாருன்னா பக்கத்துல இருக்கறவன் தும்மக்கூட மாட்டான்யா," என்றார் மாணிக்கவேல். "போனு சத்தம் வந்துச்சுன்னா அவ்வளவுதான், மானம் போயிரும். பேசியே ஆவணும்னா ஓரமாப் போயி, அடுத்தவன் காதுல வுழாமப் பேசிட்டு வரணும். உங்களுக்கெல்லாம் அது எங்க தெரியுது?"

சொல்லிவிட்டு அவர் காரேறிப் போய்விட்டார். ஸ்தனிஸ்லாசுக்கு அது மனதில் தைத்துவிட்டது. அடுத்த வாரமே யூனிட்டில் கழித்துப் போட்ட பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தன் நாற்காலிக்குக் கீழே வைத்தார். ஆடுகிறவன், பார்க்கிறவன், கோடு பார்க்கிறவன், அம்பயர், எல்லோருடைய போனும் அதற்குள். அணைத்துப் போட வேண்டியது அவரவர் பொறுப்பு. மறந்துபோய் யாருடையது அடித்தாலும், அந்த ஆள் எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். அன்றைக்குத் திரும்ப வரக் கூடாது. இதுதான் சட்டம்.

ஒரு தடவை மாணிக்கவேலின் போனே அடித்தது. தனக்குச் சம்பளம் தருகிற முதலாளி என்று பார்க்காமல் ஸ்தனிஸ்லாஸ் விசில் ஊதி, கேட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். முதலாளி அசட்டுச் சிரிப்போடு எழுந்து போனார். அதோடு மைதானம் அடங்கிவிட்டது. வீட்டில் பொண்டாட்டி பேச்சைக் கேட்காதவன்கூட அந்த ஜாடிக்குக் கட்டுப்பட்டான்.

இத்தனை கறாரான மனிதர் ஒரு நாள் தன் சட்டத்தைத் தானே மீறினார். அதை ஊரில் யாரும் மீறல் என்று சொல்லவில்லை. அதுதான் அவரை உள்ளுக்குள் கொன்றது.

மனைவி ஆக்னஸ் காய்ச்சலில் போனபோது மகள் கிரேசிக்கு ஒன்பது வயது. வேறு பிள்ளை கிடையாது. ஸ்தனிஸ்லாஸ் இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். களிமண் காய்ந்து வெடித்த விரல்களில் முடி சிக்கிச் சிக்கி இழுக்கும். "வலிக்குதுப்பா" என்பாளே தவிர, அடுத்த வீட்டு அக்காவிடம் போய்ப் பின்னிக்கொள்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் பாப்பாதான். அவள் நர்சிங் படித்து வேலைக்குப் போய், ஸ்ரீமுஷ்ணத்துப் பையன் சேரனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். மதம் குறுக்கே நின்றது என்று ஊர் பேசியது. உண்மை அவ்வளவு பெரியதில்லை. தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாளே என்கிற வீம்பு, வேறொன்றும் இல்லை. அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்தார். அது அடியைவிட மோசம்.

"வர்ற ஞாயித்துக்கெழம காலையில கல்யாணம்ப்பா. ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு சின்ன மண்டபம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், வந்து நின்னாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் அச்சுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அந்த ஞாயிறும் அவர் மைதானத்துக்குப் போனார். போனை அணைக்காமலே ஜாடிக்குள் போட்டார். மறந்து போட்டாரா, தெரிந்தே போட்டாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. ஒன்பதே கால் மணிக்கு அது அடித்தது. பழைய பட்டன் போன், அதன் கரகர மணி ஊருக்கே தெரியும். ஆட்டம் நின்றது. எல்லோரும் நாற்காலியை அண்ணாந்து பார்த்தார்கள். மணி ஓய்ந்து, மறுபடி அடித்து, ஓய்ந்து, மூன்றாவது தடவையும் அடித்தது. சட்டப்படி அவர் இறங்கிக் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

"அம்பயருக்கு ஏதுண்ணே ரூலு? நீங்க உக்காருங்க," என்றான் கோவிந்தராசு.

"ஆடுங்கடா," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

சட்டத்தைக் காப்பாற்றியவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு, சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஆட்டம் முடிந்து பார்த்தால், பாப்பா என்ற பெயரில் மூன்று தவறிய அழைப்புகள். சாயங்காலம் வரை யோசித்துவிட்டு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நாலு வருடம் ஓடிவிட்டது.

யூனிட்டில் புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கெல்லாம் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். "பொண்ணு கல்யாணத்தன்னிக்கே போனத் தொடாத மனுசன்யா!" ஒவ்வொரு முறையும் ஸ்தனிஸ்லாஸ் வேலை இருப்பதுபோல எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார். பேத்தி பிறந்திருக்கிறாள், வெண்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைக்கூட பஸ்ஸில் வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினார். இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். என்ன முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு வருடமாக அவர் ஜாடிக்குள் போனை அணைத்துப் போட்டதே இல்லை என்பது, யூனிட்டில் அவரோடு வேலை செய்கிற பச்சமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும். கூப்பிட ஆள் இல்லாததால் அது அடிக்காது என்றும் அவனுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் மாதா கோயில் பங்குத் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் கருவேப்பிலங்குறிச்சி அணிக்கும் செராமிக் அணிக்கும். கேட்டுக்கு வெளியே ரோடு வரை கூட்டம். ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து, மூன்றாவது செட்டில் முப்பத்துமூன்றுக்கு முப்பத்திரண்டு என்று நின்றது. முப்பத்தைந்து எடுத்தால் கோப்பை. மாணிக்கவேல் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். கோவிந்தராசு பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு சர்வீஸ் போட நின்றான். இருநூறு பேர் இருக்கிற இடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

அப்போது ஜாடிக்குள் மணி அடித்தது. கரகரவென்று அதே பழைய மணி.

கோடு பார்க்க நின்ற பச்சமுத்து ஓடிவந்து ஜாடிக்குள் கையை விட்டான். அவன் துழாவி எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. திரையைப் பார்த்தவன் முகம் மாறியது.

"அண்ணே," என்றான் மெதுவாக. "பாப்பா."

ஸ்தனிஸ்லாசுக்கு நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்வது போல இருந்தது. மணிதான் நின்றுவிட்டதே. விசிலை ஊதினால் ஆட்டம் நடக்கும். இன்னும் ரெண்டு பாயிண்ட், ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு நிதானமாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தார். அந்த ஐந்து நிமிஷம் நாலு வருடமாக நீண்டுவிட்டது.

"நின்னுபோச்சுல்ல, வுடுங்கண்ணே. அம்பயருக்கு ஏது..." என்று கோவிந்தராசு ஆரம்பித்தான்.

"அம்பயருக்கும் உண்டுடா," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருக்கணும்."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, புள்ளி எழுதும் அட்டையோடு சேர்த்துப் பச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டு, அவன் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். நாற்காலியின் நாலு படியில் இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. முன்வரிசையில் மாணிக்கவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. இதே வழியாக அவர் எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறார். நடந்து போவது எத்தனை தூரம் என்று அன்றுதான் தெரிந்தது.

கேட்டைத் தாண்டி, ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போன பிறகுதான் பொத்தானை அழுத்தினார். ஒரு மணி போனது. ரெண்டு. மூன்று. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"பாப்பா," என்றார்.

அந்தப் பக்கம் கிரேசியின் குரல், தயங்கித் தயங்கி. "நான் போடலப்பா. பாப்பா போன வச்சு வெளாண்டுட்டு இருந்துச்சு. அது கை பட்டு வந்துருச்சு போலருக்குது."

அவள் கூப்பிடவில்லை. ஸ்தனிஸ்லாஸ் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. வைக்கவும் மனம் வரவில்லை. தெரியாத்தனமாக அடித்த ஒரு மணிக்காக இருநூறு பேர் முன்னால் எழுந்து வந்திருக்கிறோமே என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அவள் குரலைக் கேட்டாயிற்றே என்று அடுத்த கணம் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மைதானத்துக்குள் விசில் ஒலித்தது. கூட்டம் ஓ என்று கத்தியது.

"அது என்னாப்பா சத்தம்? கிரவுண்டுலயா இருக்கீங்க?"

"ஆமாம்மா. திருவிழா கப்பு. பைனலு."

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல, நடக்குது."

"நடக்குதா? அப்ப அம்பயரு?"

"பச்சமுத்து பாத்துக்கறான். நான் வெளிய வந்துட்டேன்." போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நீ கூப்புட்டேன்னு நெனச்சு வந்துட்டேன்ம்மா. பரவால்ல, கொழந்த கையில குடுக்காத, கீழ போட்டு ஒடச்சிரும். வச்சிரட்டுமா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பது வயதில், சடை பின்னும்போது வலி பொறுத்துக்கொண்டு அவள் அப்படித்தான் உறிஞ்சுவாள்.

"அன்னிக்கு மூணு வாட்டி அடிச்சேன்ப்பா," என்றாள்.

"கேட்டுச்சும்மா," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "மூணும் கேட்டுச்சு. ஜாடிக்குள்ள இருந்துச்சு, எடுக்க முடியலன்னு சொன்னாப் பொய்யி. கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

நாலு வருடமாக ஊரில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். இனி அவள் திட்டினாலும் சரி, வைத்துவிட்டாலும் சரி. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது போகும் வரை அவர் மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்பா," என்றாள் கிரேசி. "வச்சிராதீங்க."

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது. "வெண்பா, இங்க வா. ஓடாத, வா. தாத்தா லைன்ல இருக்காங்க."